சேம அச்சு: பழைய வீட்டு வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூ ஜெர்சியிலும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் டெக்சாசிலும் குடியேறி, தொழிலும் வீடும் நிலைபெற்ற பின்னர், கிளம்புவதற்கே அடம்பிடிக்கும் ஒரு பழைய வீட்டு வண்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடை வந்தால் அதே வகை வண்டிகள் கூடும் இடங்களுக்கு அதை ஓட்டிச் செல்லும் அன்பர்களே, இம்மடல் உங்களை நோக்கி எழுதப்படுகிறது. வீட்டு வண்டி என்று இங்கே குறிக்கப்படுவது, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கழிவறையும் உள்ளேயே அமைந்த, நீங்கள் நாள்தோறும் ஆர்.வி. என்று சொல்லிப் பழகிய ஊர்தியாகும். அந்த இரண்டு எழுத்துகளின் விரிவு பொழுதுபோக்கு ஊர்தி என்பதே; இம்மடல் பேசப்போகும் சிக்கலில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

உங்கள் பற்றின் மீது இம்மடலுக்கு ஐயம் ஏதுமில்லை. 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில் செய்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோமின் முன்னால் நிற்கும் எவருக்கும் அது ஏன் கொண்டாடப்படுகிறது என்பது விளங்கும். ஓல்ட்ஸ்மொபைல் டோரனாடோ காரின் முன்சக்கர இயக்கத்தை அதற்குப் பொருத்தியதால், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் தண்டு வேண்டாததாயிற்று. தண்டு போனதால் தளம் தாழ்ந்தது. தளம் தாழ்ந்ததால் உள்ளே நிமிர்ந்து நடக்க இடமும் வெளியே ஒய்யாரமான வடிவமும் ஒருசேரக் கிடைத்தன. மொத்தம் 13,000க்குச் சற்றுக் குறைவாகவே அவை உருவாயின. அவற்றுள் கணிசமானவை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் தொழிற்சாலையைவிட உங்களைப் போன்றோரின் கைகளே. வளைகுடாப் பகுதியில் வாழ்வோருக்கு இன்னும் நெருக்கமான பெருமைகள் உண்டு. ஓக்லண்டைச் சேர்ந்த டேவிட் பீட்டர்சன் என்ற விமான வடிவமைப்பாளர், விமான உடல் கட்டும் முறையிலேயே அலுமினியத் தகடுகளைக் கொண்டு, பின்புறம் கார்வேர் காரின் எஞ்சினைப் பொருத்தி, 1960களின் தொடக்கத்தில் அல்ட்ரா வேன் என்பதை வடிவமைத்தார். வியட்நாம் போரில் ஓடிய எம்113 கவச ஊர்திகளைச் செய்துவந்த எஃப்.எம்.சி. நிறுவனம், 1972இல் சாண்டா கிளாராவில் ஒரு வீட்டு வண்டியைச் செய்யத் தொடங்கி, எண்ணெய் நெருக்கடியில் விற்பனை சரிய, சுமார் 1,000 வண்டிகளோடு 1976இல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்கச் சிற்றூர்களைத் தேடித் தேடித் தொலைக்காட்சியில் காட்டிய சார்ல்ஸ் குரால்ட் பயன்படுத்திய எஃப்.எம்.சி. வண்டி இன்று டியர்போர்னிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஆயினும் ஒன்றை உங்களிடம் வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும். இந்த ஏக்கம் யாருடையது? 1970களில் மதுரையிலோ கோவையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த ஒருவர், தம் தந்தை ஒருநாளும் ஓட்டாத வண்டியை நினைத்து ஏங்குவது இரவல் ஏக்கமே. அதில் குற்றமில்லை; ஆயுத பூஜையன்று குவாட்ராஜெட் கார்புரேட்டரின் மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போது, அந்த இரவல் எப்படியோ சொந்தமாகியும் விடுகிறது. ஆனால் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கியதும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது தட்டுமுட்டுச் சாமான்களை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனதும் உங்களில் பலருக்கு இரவலாகாத, சொந்த நினைவுகள். இம்மடல் நம்பி வந்திருப்பது அந்த நினைவுகளையே.

உங்களுக்கும் குறைகள் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வது முறை. டெக்சாசின் புறநகர்களில், வீட்டு உரிமையாளர் சங்கம் எனப்படும் எச்.ஓ.ஏ., உங்கள் பணத்தில் வாங்கிய உங்கள் டிரைவ்வேயிலேயே வண்டியை நிறுத்தவிடாமல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. அதனால் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் மாத வாடகை கொடுத்து அதை நிறுத்திவிட்டு, சனிக்கிழமைகளில் நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் போய்ப் பார்த்து வருகிறீர்கள். நியூ ஜெர்சியில், 25 ஆண்டு கடந்த வண்டிக்கு வரலாற்று ஊர்தி என்ற எண்பலகை கிடைக்கிறது. ஆனால் அந்தப் பலகையோடு கண்காட்சிக்கும் கல்வி நோக்கிலான பயன்பாட்டுக்குமே அதை ஓட்டலாம் என்ற கட்டுப்பாடும் கூடவே வருகிறது. இவை எல்லாவற்றிலும் உங்களை அதிகம் சுடுவது, தனியார் ஆர்.வி. பூங்காக்கள் பலவற்றில் நிலவும் 10 ஆண்டு விதி. வண்டி 10 ஆண்டுக்கு மேற்பட்டதாயின் இடமில்லை, அல்லது படம் அனுப்பி மேலாளரின் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்பதே அது. ஐந்து ஆண்டு உழைத்து மெருகேற்றிய வண்டியைக் கண்டு, வாயிலில் இருக்கும் ஓர் இளைஞர் ஆண்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவது அவமானம்தான். நீங்கள் படம் அனுப்புகிறீர்கள். பளபளப்பைப் பார்த்ததும் வாயில் திறக்கிறது.

அதே விதியின் மறுபுறத்தில் நிற்பவர்களைப் பற்றியதே இம்மடல். பாலோ ஆல்டோவின் சாலையோரங்களிலும், மவுண்டன் வியூவின் கிளைத்தெருக்களிலும், சான் ஹோசேயிலும், ஓக்லண்டிலும், சமையற்கூடத்தில் வேலை செய்பவர்களும் கட்டடக் கூலிகளும் வீடு துப்புரவு செய்யும் பெண்களும் ஓய்வூதியம் வாடகைக்குப் போதாத முதியவர்களும் வாழ்ந்துவரும் வண்டிகள் உங்கள் வண்டிகளின் உடன்பிறப்புகளே: 1980களின் வின்னபேகோக்கள், ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை நீண்டிருக்கும் ஃபோர்டு வண்டிகள், நீங்கள் கண்டால் படமெடுக்காமல் நகராத டொயோட்டா டால்ஃபின்கள். அவர்களாலும் படம் அனுப்ப முடியும்; ஆனால் கூரையில் நீலத் தார்ப்பாய் கட்டிய வண்டியின் படத்துக்கு எந்தப் பூங்காவின் வாயிலும் திறப்பதில்லை. வயதுக்காக உங்கள் வண்டி பெறும் மதிப்பும் வயதுக்காக அவர்கள் வண்டி படும் இழிவும் ஒரே எண்ணிலிருந்து பிறப்பவை.

சட்டங்கள் எந்தத் திசையில் நடக்கின்றன என்பதையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும். மவுண்டன் வியூ வாக்காளர்கள் 2020 நவம்பரில், 40 அடியும் அதற்குக் குறைவும் அகலமுள்ள தெருக்களில் பெரிய ஊர்திகளை நிறுத்தத் தடை விதிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றினர். வழக்கு தொடரப்பட்டு, 2022இல் உடன்பாடு ஏற்பட்டபோது, குறைந்தது 3 மைல் நீளத் தெருக்களையாவது திறந்துவைக்க நகரம் ஒப்புக்கொண்டது. சான் பிரான்சிஸ்கோ 2025 ஜூலையில், 22 அடிக்கு மேல் நீளமோ 7 அடிக்கு மேல் உயரமோ உள்ள ஊர்திகள் நகரெங்கும் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கலாகாது என்று விதித்தது. அவ்வாண்டு மே மாதக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற வண்டிவாசிகளுக்கு மட்டும் சில மாதங்களுக்கான தஞ்ச அனுமதி தரப்பட்டது. ஜி.எம்.சி. மோட்டார்ஹோமில் இரண்டு அளவுகள் உண்டு, 23 அடியும் 26 அடியும். சிறியதேகூட அந்த விதிக்கு ஓரடி மிஞ்சுகிறது. கலிஃபோர்னியாவின் ஏ.பி. 630 என்ற சட்டம் இதனினும் கூரியது: கைவிடப்பட்டு ஓடாநிலையில் உள்ள வீட்டு வண்டிகளை அரசு நசுக்கி அழிப்பதற்கான மதிப்பு வரம்பு முன்னர் 500 டாலராக இருந்தது; லாஸ் ஏஞ்சலிஸ், அலமேடா ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் அது 4,000 டாலராக உயர்த்தப்பட்டது. 4,000 டாலருக்குக் கீழ்ப்பட்ட ஓடாத வண்டி என்பது, நீங்கள் யாரோ ஒருவரின் கொல்லையில் கண்டெடுத்து, 'புராஜெக்ட்' என்று செல்லமாகப் பெயரிட்டு, இழுத்துக்கொண்டு வருகிற அதே பொருள்தான். அல்ட்ரா வேன் கருக்கொண்ட ஓக்லண்ட், அந்த அலமேடா மாவட்டத்திலேயே உள்ளது.

இத்தகைய விதிகள் எழும்போது சேகரிப்பாளர்கள் செய்யும் வழக்கமான காரியம், தங்கள் வண்டிக்கு மட்டும் விலக்குக் கேட்பது. வரலாற்று ஊர்தி என்ற எண்பலகை உள்ளவற்றை விட்டுவிடுங்கள் என்று மன்றாடுவதில் நயம் இருக்கலாம். ஆனால் உங்கள் சங்கங்களின் சொந்த வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில், டி சோட்டோ பூங்காவில் கூடி, தகரக் குவளைப் பயணிகள் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, கார் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகரக் குவளையை அடையாளமாகப் பற்றவைத்துத் திரிந்தவர்களை நீங்கள் முன்னோடிகள் என்று போற்றுகிறீர்கள். அவர்கள் காலத்து நாகரிகர் அவர்களை அவ்வாறு போற்றவில்லை. முதலில் இலவசமாகத் திறந்துவைத்த முகாம்களுக்கு 1920களின் நடுவில் ஊர்கள் பல கட்டணம் விதித்தன என்றால், வருமானத்துக்காக மட்டுமன்று, வேண்டாதவர்களை வடிகட்டுவதற்காகவும்தான். ஒரு சட்டையும் ஒரு டாலர்த் தாளும் கொண்டு ஊருக்குள் வந்து இரண்டையும் மாற்றாமல் போகிறவர்கள் என்ற கேலி அன்று புழங்கியது. இன்று சாலையோர வண்டியைக் காட்டிச் சொல்லப்படும் சொற்கள் அந்தச் சொற்களின் பேரப்பிள்ளைகள்.

தமிழில் படிக்கிற உங்களுக்கு இதனினும் பழைய சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உமணர் எனப்படும் உப்பு வணிகரின் வண்டி நுணுக்கமாக வருணிக்கப்படுகிறது: மேலே குடில்போல் வேய்ந்த கூரை, அதில் கோழி அடையும் கூடு, தொங்கும் காடிக் கலம், கைக்குழந்தையோடு மாட்டை ஓட்டும் தாய். அது பொழுதுபோக்கு ஊர்தியன்று. பிழைப்பும் குடும்பமும் ஒரே அச்சின் மீது ஏறிப்போன வீடு. அதே உமணர், பள்ளமும் மேடுமான வழி எங்கே அச்சை முறிக்கும் என்று தெரியாததால், சேம அச்சு என்ற மாற்று அச்சு ஒன்றை வண்டிக்கடியில் கட்டியே புறப்பட்டனர் என்பதை ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு உவமையாக எடுத்தாள்கிறது. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையோ, பெற்றவர் ஒருவர் பெறாதவரை வழியில் கண்டு, தாம் பெற்ற இடத்துக்கு வழி சொல்லி அனுப்புவதைத் தவிர வேறொன்றுமில்லை. பாணரையும் உமணரையும் இலக்கியத்தில் கொண்டாடிவிட்டு, சாலையோர வண்டியைக் கண்டதும் நகராட்சிக்குப் புகார் தட்டச்சு செய்வது பொருந்தாது.

எதிர்வாதங்கள் உங்கள் நாவில் இருக்கும். அவற்றுள் சில நியாயமானவை. கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. எரிவாயு உருளையால் தீப்பிடிக்கிறது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவில் நிற்கும் பெரிய வண்டி, சாலையைக் கடக்கும் குழந்தையை ஓட்டுநர் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஓடாத வண்டிகள் பலவற்றை வாங்கித் தெருவில் வரிசையாக நிறுத்தி, ஏழைகளிடம் வாடகை பறிக்கும் சிலரும் இருக்கின்றனர். அவர்களுக்காக இம்மடல் ஒரு சொல்லும் பரிந்து பேசாது. ஆனால் கழிவுநீர்ச் சிக்கல், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் நிலையம் அருகில் இல்லாத சிக்கல் என்பதைத் தொட்டி நிரம்பிய நிலையில் 40 மைல் ஓட்டிய அனுபவமுள்ள நீங்களே அறிவீர்கள். தீயோ, பல நேரங்களில் பழுதுபார்க்கப்படாத பழைய குழாயின் சிக்கல்; அதையும் உங்களைவிட நன்கறிந்தவர் இந்நாட்டில் எவருமில்லை.

இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரு குடும்பம் வண்டியை இழப்பது பல நேரங்களில் ஒரு சிறு பழுதிலிருந்து தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் 1975ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976 முதலான பழைய வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. ஆகவே உங்கள் 1974ஆம் ஆண்டு ஜி.எம்.சி. சோதனையே இன்றிப் போய்வர, தெருவோரத்து 1984ஆம் ஆண்டு வின்னபேகோ சோதனைக்குப் போயாக வேண்டும். கார்புரேட்டர் சரியாகக் கலக்காததால், அல்லது வெற்றிடக் குழாய் ஒன்று வெடித்திருப்பதால், அது தோற்கிறது. தோற்றால் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. பதிவு காலாவதியாகி 6 மாதம் கடந்தால், தெருவில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. இழுத்துச் சென்றபின் ஏறும் கிடங்கு வாடகை, உள்ளே குடியிருந்தவரின் ஒரு மாதச் சம்பாத்தியத்தை எளிதில் விழுங்கிவிடும். அந்தக் கார்புரேட்டரை உங்களில் ஒருவர் ஒரு பிற்பகலில், தேநீர் ஆறுவதற்குள் என்று சொல்ல முடியாவிட்டாலும், இருட்டுவதற்குள் சரிசெய்துவிடுவீர்கள்.

எரிபொருள் குழாயும் அப்படியே. ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, டாக்ஹவுஸ் என்று நீங்கள் சொல்லும் எஞ்சின் மூடியைத் திறந்து, பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஏறும் கறுப்பு ரப்பர்க் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தால், பழைய குழாய் வளையாமல் விறைத்து நிற்கும். மேலும் அழுத்தினால் தோலில் மெல்லிய வெடிப்புகள் திறந்து, விரலில் பெட்ரோல் வாடை ஒட்டும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்குவதற்காகச் செய்யப்படாத அந்தக் குழாய், சூடான எஞ்சினுக்குச் சில அங்குலத் தொலைவில், ஒரு குடும்பம் உறங்கும் அறைக்குள்ளேயே இருக்கிறது. மாற்றுக் குழாயின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போகாது. எந்தக் குழாய் வாங்குவது, கிளாம்பை எவ்வளவு இறுக்குவது என்ற அறிவுக்குத்தான் பஞ்சம். அந்த அறிவு உங்கள் கூட்டங்களில், மடக்கு நாற்காலிகளின் வட்டத்தில், இரவு வெகுநேரம் வரை ஒருவருக்கொருவர் சொல்லிச் சலித்துப்போன அறிவு.

ஆகவே இம்மடல் உங்களிடம் கேட்பவை மூன்று; அவை பெரியவை அல்ல. நகர மன்றங்களில் நீள, உயர அளவுகளைப் பற்றிய பேச்சு எழும்போது, விலக்குக் கேட்கும் வரிசையில் நிற்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் 2 நிமிடத்தில், கழிவு நிலையம் ஒன்றும், சான் ஹோசே நகரம் சாண்டா தெரசாவிலும் பெர்ரியெசாவிலும் அமைத்ததைப் போன்ற பாதுகாப்பான நிறுத்துமிடமும் கேளுங்கள். வண்டியின் நீளமும் திருப்பு வட்டமும் தொட்டியின் கொள்ளளவும் அறிந்த ஒருவர் பேசினால், உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். வண்டிவாசியே பேசினால் அவர் முகவரியைக் கேட்பார்கள். உதிரிபாகத்துக்காக வாங்கிய வண்டியைக் கைமாற்றும்போது, பிங்க் ஸ்லிப் எனப்படும் உரிமைச் சான்றில் கையெழுத்திட்டுக் கொடுத்து, கைமாற்றிய செய்தியைக் கலிஃபோர்னியா விதிப்படி 5 நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்குத் தெரிவியுங்கள். 'காகிதம் இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள்' என்று சொல்வது தாராளமாகத் தோன்றும். காகிதம் இல்லாத வண்டியைப் பதிவு செய்வது மிகக் கடினம்; பதிவில்லாத வண்டியில் குடியேறுபவர் முதல் நாளிலிருந்தே இழுவை வண்டியை எதிர்பார்த்துக் கிடப்பவர்.

மூன்றாவதே முதன்மையானது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, முதல் நாளை, பளபளப்புக்குப் பரிசு தரும் நாளாக வைக்காமல், பழுதுபார்க்கும் நாளாக வையுங்கள். எத்தனால் தாங்கும் எரிபொருள் குழாய் இரண்டு அளவில், கிளாம்ப் ஒரு டப்பா, கூரைக் கசிவை அடைக்கப் பியூட்டைல் நாடா, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி நான்கைந்து, டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட நான்கு எண்களைப் படித்து அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லத் தெரிந்த ஒருவர்: இவ்வளவு இருந்தால் போதும். எரிவாயு இணைப்பில் மட்டும் உரிமம் பெற்றவர் கைவைக்கட்டும். உங்களுக்கே தேவைப்படும் என்று கிடங்கில் அடுக்கிவைத்திருக்கும் மூன்றாவது கார்புரேட்டரையும் எடுத்துவாருங்கள். முதலிரண்டு உங்கள் ஆயுளுக்குக் காணும்.

இந்த நாளைக் கூட்டம் நடக்கும் மைதானத்தில் வைத்துக்கொண்டு, வருக வருக என்று பலகை கட்டினால் வண்டிவாசிகள் எவரும் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலனுக்கு 8 மைல் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் நிரப்ப அவர்களிடம் பணமில்லை. இரவு திரும்பும்போது நின்ற இடத்தில் வேறு வண்டி நிற்கும் என்ற அச்சம் வேறு. நிறுத்துமிடத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவேண்டியவர்கள் நீங்கள்தாம்.